ஓட்டோ கியருக்குத் தனிக் கூலர் பூட்டலாமா? நிலாவெளித் தம்பியின் கேள்விக்கு விரிவான பதில்

தம்பி, நீங்கள் கேட்டதை முதலில் சுருக்கமாக வைத்துவிடுகிறேன், வாசிக்கிற மற்றவர்களுக்கும் விளங்கும். நிலாவெளியில் இருக்கிறீர்கள். டீசல் டபுள் கெப், ஓட்டோ கியர். புறாத்தீவுக்கு ஆள் ஏற்றுகிற பைபர் போட்டைக் கிழமைக்கு இரண்டு மூன்று தடவை ட்ரெயிலரில் வைத்து இழுக்கிறீர்கள். போன மாதம் குடும்பத்தோடு நுவரெலியா போகும்போது ரம்பொடை ஏற்றத்தில் கியர் ஒயில் சூட்டு லைட் பத்திவிட்டது, ஓரமாக நிறுத்தி அரை மணித்தியாலம் ஆறவிட்டுத்தான் மேலே ஏறியிருக்கிறீர்கள். திரும்பி வந்து விசாரித்தால் ஒரு கராஜில் "ரேடியேட்டருக்குப் போகிற லைனை அடைத்துவிட்டு வெளியில் ஒரு கூலர் பூட்டு" என்கிறார்கள் (கியர் ஒயிலை ஆறவைக்கிற பெட்டிதான் கூலர்), இன்னொருவர் "கம்பெனி வைத்ததே போதும், காசை வீணாக்காதே" என்கிறார். எது சரி, பூட்டுவதென்றால் எப்படி?

உங்கள் பாவனைக்குக் கூலர் தேவை. போட் இழுக்கிற ஓட்டோ கெப்புக்கு, அதுவும் திருகோணமலை வெயிலில், நான் யோசிக்காமல் பூட்டச் சொல்லுவேன். ரேடியேட்டர் நல்ல நிலையில் இருந்தால் அதை அடைக்க வேண்டியதில்லை, இரண்டும் சேர்ந்து வேலை செய்யட்டும். ஆனால் ஒரு விஷயம் உண்டு, இதைச் சொல்லத்தான் இவ்வளவு நீளமாக எழுத உட்கார்ந்தேன்: கூலர் என்ற தகரப் பெட்டி இந்த வேலையில் சின்னப் பங்குதான். இந்த ஊரில் இருபது வருடத்துக்கு மேலாக ஓட்டோ கியர் வேலை செய்கிறேன், கூலர் சரியில்லாமல் கியர் பொக்ஸ் போனதைவிட, ஹோஸ் கழன்றும் கிளிப் துருப்பிடித்தும் ஒயில் அளவு பிழைத்தும் கியர் பொக்ஸ் போனதைத்தான் அதிகமாகப் பார்த்திருக்கிறேன்.

சூடு எங்கிருந்து வருகிறது என்று விளங்கினால் மீதி எல்லாம் தானாக விளங்கும். மேனுவல் வாகனத்தில் கிளட்ச் இருக்கிற இடத்தில் ஓட்டோவில் டொர்க் கன்வேர்ட்டர் இருக்கிறது. எஞ்சின் பக்கத்துச் சுழலி ஒயிலை வீசியடிக்கிறது, அந்த ஒயில் போய் கியர் பக்கத்துச் சுழலியைத் தள்ளிச் சுற்றுகிறது, இரண்டுக்கும் நடுவில் அந்த நேரத்தில் இரும்புப் பிடி எதுவும் கிடையாது. இரண்டும் ஒரே வேகத்தில் சுற்றாத நேரமெல்லாம், அதாவது ஏற்றத்திலும் பாரம் இழுக்கும்போதும் ஊர்ந்து போகும்போதும், அந்த வித்தியாசம் முழுக்க மத்துப் போட்டுக் கடைவது மாதிரி ஒயிலைக் கடைகிற வேலையாகப் போய்ச் சூடாகிறது. வேகம் கூடி, இரண்டு சுழலியையும் சேர்த்துப் பூட்டுகிற லொக்-அப் கிளட்ச் பிடித்துக்கொண்டால் இரண்டும் ஒன்றாகச் சுற்றும், சூடும் இறங்கும். கந்தளாய் தாண்டி ஹபரணை வரை நேர் ரோட்டில் எவ்வளவு வெயிலிலும் அசையாத கெப், குளிரான ரம்பொடையில் போய் லைட் காட்டுவதன் காரணம் இதுதான். கடல் மட்டத்திலிருந்து புறப்பட்டு 1868 மீற்றர் உயரத்துக்கு ஏறுகிறீர்கள், அதில் கடைசிப் பெரிய ஏற்றம் வளைவுக்கு வளைவு இருபது முப்பது கிலோமீற்றர் வேகத்தில், லொக்-அப் பிடிக்கச் சந்தர்ப்பமே இல்லை.

அதைவிட மோசமான ஏற்றம் உங்கள் வீட்டு வாசலிலேயே இருக்கிறது. போட்டை இறக்க ட்ரெயிலரைக் கடற்கரை மணலில் பின்னுக்கு விடுகிறீர்கள், பின் சில்லு புதைகிறது, எக்ஸிலேட்டரை மிதிக்கிறீர்கள், எஞ்சின் அலறுகிறது, வாகனம் அசையவில்லை. அந்த நேரத்தில் எஞ்சினின் முழுப் பலமும் ஒயிலுக்குள்தான் போகிறது, வேறு போக்கிடம் இல்லை. கராஜில் ஸ்டோல் டெஸ்ட் என்று ஒன்று செய்வோம், பிரேக்கை முழுக்க மிதித்துக்கொண்டு டியில் போட்டு எக்ஸிலேட்டரை அமர்த்திப் பார்ப்பது. அதை 5 வினாடிக்கு மேல் செய்யக்கூடாது என்று கம்பெனிப் புத்தகத்திலேயே இருக்கிறது. மணலில் புதைந்த வாகனத்தில் நாங்கள் எத்தனை வினாடி மிதிக்கிறோம் என்று யோசித்துப் பாருங்கள்.

ஏ.டி.எஃப்., அதாவது ஓட்டோ கியர் ஒயில், 80 முதல் 95 பாகை செல்சியஸ் வரை இருந்தால் நல்லது. 120ஐத் தாண்டினால் ஒயில் பழுதாகி உள்ளே வார்னிஷ் மாதிரிப் படியத் தொடங்கும், 150 பக்கம் போனால் சீல்கள் இறுகும், கிளட்ச் தட்டுகள் கருகும். ஒவ்வொரு 10 பாகை கூடும்போதும் ஒயிலின் ஆயுள் பாதியாகும் என்று ஒரு கணக்கு மெக்கானிக்மார் வாயில் இருக்கிறது, அச்சொட்டான விதியாக எடுக்க வேண்டாம், ஆனால் போக்கு அதுதான். லைட் பத்துகிற நேரத்தில் ஒயில் ஏற்கெனவே அடிவாங்கிவிட்டது. ஆகவே கூலர் பூட்டினாலும் பூட்டாவிட்டாலும் உங்கள் ஒயிலை மாற்றத்தான் வேண்டும்.

"கம்பெனி வைத்ததே போதும்" என்றவர் சொன்னதிலும் பாதி உண்மை இருக்கிறது. ரேடியேட்டரின் தண்ணீர் வெளியேறும் பக்கத்துத் தொட்டிக்குள், அநேகமாகக் கீழ்த் தொட்டியில், ஒரு சின்னக் குழாய்க் கூலர் வைத்துத்தான் கம்பெனி அனுப்புகிறது. சாதாரண ஓட்டத்துக்கு அது தாராளம். ஆனால் தண்ணீர் 85, 90 பாகையில் இருக்கும்போது ஒயில் அதற்குக் கீழே இறங்க வழியில்லை. கச்சான் காற்று வீசுகிற ஆனி, ஆடி மாதத்தில், ஏ.சி. போட்டு, பின்னால் போட்டும் இருந்தால் ரேடியேட்டர் தன் வேலையைச் செய்யவே திணறும், ஒயிலின் சூட்டையும் சேர்த்து அதன் தலையில் கட்டினால் இரண்டும் சேர்ந்து ஏறும்.

சரி, கூலர் வாங்கக் கடைக்குப் போகுமுன் இருக்கிற நிலையைப் பார்க்க வேண்டும், இதை விட்டுவிட்டுப் பூட்டுகிறவர்கள்தான் பிறகு வந்து "கூலர் போட்டும் சூடாகிறது அண்ணா" என்கிறார்கள். கியர் ஒயில் அளவு பார்க்கிற டிப் ஸ்டிக்கை இழுத்து ஒரு துளியை வெள்ளை டிஷ்யூ தாளில் விடுங்கள். நல்ல ஒயில் என்றால் சிவப்பாகவோ இளம் செம்மண் நிறமாகவோ சுற்றிலும் ஒரே சீராகப் பரவும். நடுவில் கறுப்புப் பொட்டு நின்று, ஓரத்தில் மட்டும் எண்ணெய் வளையம் பரவினால் உள்ளே கிளட்ச் தட்டுத் தூள் கலந்திருக்கிறது. மணந்து பாருங்கள். கருகிய மணம் மூக்கில் ஏறினால், கியர் மாறும்போது வழுக்கலும் இருந்தால், அந்தக் கியர் பொக்ஸைக் கூலர் காப்பாற்றாது, முதலில் திறந்து பார்க்க வேண்டும்.

அடுத்தது ரேடியேட்டர் மூடி. எஞ்சின் நன்றாக ஆறியபிறகு திறந்து பாருங்கள். நிலாவெளியிலும் சாம்பல்தீவிலும் குச்சவெளிப் பக்கத்திலும் கடலோரமாக இருக்கிற பல கிணறுகளில் தண்ணீர் உவர். கூலன்ட் குறைந்தால் அந்தத் தண்ணீரையே வாளியில் அள்ளி ஊற்றுகிறோம், எல்லோரும் செய்வதுதான், ஆனால் உள்ளே உப்புப் படிந்து தண்ணீர் போகிற வழி சுருங்கும், கீழ்த் தொட்டிக்குள் இருக்கிற அந்தக் குழாயையும் அரிக்கும். ஒரு நாள் அது ஓட்டை விழும். ஓட்டை விழுந்தால் தண்ணீரும் ஒயிலும் கலக்கும், மூடியைத் திறந்தால் பலூடா நிறத்தில் நுரை நிற்கும், டிப் ஸ்டிக்கிலும் அதே நிறம். தண்ணீர் கலந்தால் கிளட்ச் தட்டில் ஒட்டியிருக்கிற உராய்வுப் பொருளின் பசை விட்டுப்போகும், சில நாளில் கியர் பொக்ஸே போய்விடும். அந்த நிறத்தை ஒருதரம் கண்ணால் கண்டவர்கள் பிறகு கூலன்ட் வாங்கக் காசு பார்ப்பதில்லை.

"ரேடியேட்டர் லைனை அடை" என்று அந்தக் கராஜ்காரர் சொன்னதற்குக் காரணமும் இந்தப் பயம்தான், அவரைக் குறை சொல்ல முடியாது. உங்கள் ரேடியேட்டர் பத்துப் பன்னிரண்டு வருடப் பழையது, உள்ளே மஞ்சள் காவி படிந்திருக்கிறது, உடனே மாற்றக் காசும் இல்லை என்றால் நானும் அதைத்தான் செய்யச் சொல்லுவேன்: ஒயிலை ரேடியேட்டருக்குள் விடாமல் வெளிக் கூலருக்கு மட்டும் விட்டு, ரேடியேட்டரில் ஹோஸ் மாட்டுகிற இரண்டு நிப்பிளையும் மூடிவிடுவது. குளிர் நாடுகளில் இப்படிச் செய்தால் ஒயில் சூடேறாமல் தொந்தரவு தரும், எங்கள் ஊரில் அந்தக் கவலை குறைவு. ஆனால் ரேடியேட்டர் நல்லதென்றால் அடைக்க வேண்டாம். வெளிக் கூலர் காற்றை நம்பி இருக்கிறது. கடற்கரையில் போட் இறக்க ஊர்ந்து ஊர்ந்து பின்னுக்குப் போகும்போது முன்னால் காற்று எங்கே? அந்த நேரத்தில் சூட்டை இழுப்பது தண்ணீர்தான்.

இன்னும் இரண்டு விஷயம், விரைவாகச் சொல்லிவிடுகிறேன். ரேடியேட்டருக்கும் அதன் முன்னால் நிற்கிற ஏ.சி. கொண்டென்சருக்கும் நடுவில் டோர்ச் அடித்துப் பாருங்கள், அந்த இடுக்கில் மணலும் புல்லும் தும்பிச் சிறகும் பாய் விரித்த மாதிரி அடைந்திருக்கும், அதைக் கழுவினாலே சில வாகனத்தில் பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும். மற்றது எஞ்சின் பேன். டீசல் கெப்பில் பேனுக்கு நடுவில், சூடானால் பேனைப் பிடித்துச் சுற்றவைக்கிற விஸ்கஸ் கிளட்ச் இருக்கும், சூடான எஞ்சினை நிறுத்திவிட்டுக் கையால் பேனைச் சுற்றிப் பாருங்கள், தடையே இல்லாமல் இலேசாகச் சுற்றினால் அது தேய்ந்துவிட்டது. எஞ்சின் தண்ணீரின் சூட்டைக் கட்டுப்படுத்துகிற தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிந்துவிட்டு ஓடுகிற பழக்கமும் இங்கே இருக்கிறது, அதைத் திரும்பப் போடுங்கள்.

இனிக் கூலர். சந்தையில் இரண்டு மூன்று வகை கிடைக்கிறது. ஒரே குழாய் பாம்பு மாதிரி வளைந்து வளைந்து போய் நடுவில் தகட்டுச் சிறகு வைத்தது ஒன்று, மலிவு, சின்னக் காருக்குப் போதும். தட்டுக்களை அடுக்கி ஒட்டிய மாதிரி இருப்பது இன்னொன்று, அடுக்குத் தட்டுக் கூலர் என்று கேட்டால் தருவார்கள், அதே அளவுக்குக் கூடுதல் சூட்டை இழுக்கும், ஒயில் ஓட்டத்துக்குத் தடையும் குறைவு. நீங்கள் பாரம் இழுப்பதால் இரண்டாவதை எடுங்கள். பெரிதாக இருந்தால் நல்லதுதானே என்று கிரில் முழுவதையும் மூடுகிற அளவுக்கு வாங்க வேண்டாம், பின்னால் இருக்கிற கொண்டென்சருக்குக் காற்றுப் போகாமல் ஏ.சி. குளிராது. ஏறத்தாழ ஏ4 தாள் அளவு உங்கள் கெப்புக்குப் போதும். கொழும்பு பஞ்சிகாவத்தையில் ரீகண்டிஷன் கூலர்கள் நல்ல விலையில் வரும், ஆனால் பழைய கூலரை மட்டும் வாங்காதீர்கள் தம்பி. அது எந்த வாகனத்திலிருந்து கழன்றது, அந்தக் கியர் பொக்ஸ் எப்படிச் செத்தது என்று யாருக்கும் தெரியாது. செத்த கியர் பொக்ஸின் இரும்புத் தூள் அந்தத் தட்டு இடுக்குகளில் ஒளிந்திருக்கும், எவ்வளவு பெற்றோல் ஊற்றிக் கழுவினாலும் முழுக்க வராது, கியர் மாறுவதற்கு ஒயிலைத் திருப்பிவிடுகிற உங்கள் வால்வ் பொடிக்குள் போய்த்தான் வெளியே வரும்.

பூட்டுகிற இடம் கொண்டென்சருக்கு முன்னால், கிரிலுக்குப் பின்னால். பம்பரையும் கிரிலையும் கழற்றினால் வேலை சுகம், கழற்றாமல் கையை இடுக்கில் விட்டு வேலை செய்யப் போனால் கொண்டென்சர் சிறகை நெளித்துவிடுவோம். நெருக்கி ஒட்டாமல் ஒரு விரல் தடிப்புக்கு இடைவெளி விடுங்கள்.

கூலரோடு ஒரு சின்னப் பையில் பிளாஸ்டிக் ஊசிகள் தருவார்கள், கொண்டென்சர் சிறகுகளுக்கு ஊடாகக் குத்திப் பின்னால் இழுத்து இறுக்குவதற்கு. பத்து நிமிட வேலை. நான் தொடக்க காலத்தில் ஒரு வானுக்கு அப்படித்தான் பூட்டிக் கொடுத்தேன், பார்க்கவும் வடிவாக இருந்தது. ஏழெட்டு மாதத்தில் அந்த அண்ணா ஏ.சி. வேலை செய்யவில்லை என்று வந்தார். கழற்றிப் பார்த்தால் ஓடுகிற அதிர்வில் ஊசி ஆடி ஆடி, கொண்டென்சர் குழாயை ஊசித் துவாரம் அளவுக்குத் தேய்த்திருந்தது, சுற்றிலும் ஒயில் ஈரத்தில் தூசி ஒட்டிக் கறுப்பு வட்டம். காஸ் எல்லாம் போய்விட்டது. கொண்டென்சர் என் செலவில் வாங்கிப் போட்டேன். அன்றிலிருந்து பிராக்கெட் அடிக்காமல் ஒரு கூலரும் பூட்டியதில்லை. ரேடியேட்டர் தாங்குகிற மேல் கீழ்ச் சட்டத்திலிருந்து இரண்டு தட்டைப் பட்டி இறக்கி, நான்கு மூலையிலும் இறப்பர் வொஷர் வைத்து நட் போல்ட் போடுங்கள். இறப்பர் அதிர்வையும் தாங்கும், அலுமினியமும் இரும்பும் நேரே தொடாமலும் வைக்கும். எங்கள் ஊரில் கடற்காற்று, இரண்டு உலோகமும் ஒட்டிக்கிடந்தால் வெள்ளை மாப் பூத்து ஒரு வருடத்தில் அலுமினியத்தைத் தின்றுவிடும்.

நிப்பிள்கள் மேலே பார்த்து இருக்கட்டும், இடமில்லை என்றால் பக்கவாட்டில். கீழே பார்த்து இருந்தால் மேல் பக்கம் காற்று அடைபட்டு நிற்கும்.

இப்போது எந்த லைனை வெட்டுவது. கியர் பொக்ஸிலிருந்து இரண்டு இரும்புக் குழாய் முன்னால் வரும், ஒன்று சூடான ஒயிலைக் கொண்டு வருவது, மற்றது ஆறிய ஒயிலைத் திருப்பிக் கொண்டு போவது. புதுக் கூலர் பூட்ட வேண்டியது திரும்பிப் போகிற லைனில், அதாவது கியர் பொக்ஸ், ரேடியேட்டர், கூலர், திரும்பக் கியர் பொக்ஸ் என்ற ஒழுங்கில். மாற்றி, கூலரில் ஆறிய ஒயிலை 90 பாகைத் தண்ணீருக்குள் அனுப்பினால் ஆறவைத்ததைத் திரும்பச் சூடாக்குகிறோம். எது எது என்று கண்டுபிடிக்க, காலையில் எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது ஸ்டார்ட் பண்ணிக் கொஞ்ச நேரத்தில் இரண்டு குழாயையும் தொட்டுப் பாருங்கள், முதலில் சூடேறுவது வருகிற லைன். சந்தேகமாக இருந்தால் ரேடியேட்டர் பக்கம் ஒரு ஹோஸைக் கழற்றி இரண்டு முனைக்கும் போத்தல் பிடித்து, ஒருவர் எஞ்சினை இரண்டு மூன்று வினாடி மட்டும் ஓட்டி நிறுத்தட்டும். எந்தப் பக்கத்திலிருந்து ஒயில் வருகிறதோ அதைப் பார்த்தால் ஓட்டத்தின் திசை தெரிந்துவிடும். பூட்டி முடித்த பிறகும் இதேபோல் திரும்புகிற லைனைப் போத்தலுக்குள் விட்டு ஓட்டத்தைப் பார்க்கலாம், சும்மா ஓடுகிற எஞ்சினில் இருபது வினாடி அளவில் ஒரு லீட்டர் வந்தால் அடைப்பு இல்லை. அதற்குமேல் ஓட்டாதீர்கள், பம்ப் வறண்டுவிடும். வந்த அளவை உடனே திரும்ப ஊற்றுங்கள்.

இரும்புக் குழாயை வெட்ட வேண்டி வந்தால் ஹெக்ஸோ பிளேட்டைத் தொடவே வேண்டாம். அறுக்கிற தூள் குழாய்க்குள்தான் விழும், கழுவிவிட்டோம் என்று நினைப்போம், ஒரு துணுக்கு போதும் வால்வ் பிடித்துக்கொள்ள. சுற்றிச் சுற்றி வெட்டுகிற குழாய் கட்டர் வாங்குங்கள், பெரிய விலை இல்லை. வெட்டிய முனையில் சின்ன உப்பல் ஒன்று எழுப்ப வேண்டும், ஹோஸ் வழுக்கிக் கழறாமல் இருக்க அதுதான் பிடி. பிரேக் லைன் பிளேயர் பண்ணுகிற கருவியாலேயே அரைவாசி அழுத்தி அந்த உப்பலை எடுக்கலாம். உங்கள் கெப்பில் ரேடியேட்டர் முனையில் ஏற்கெனவே இறப்பர் ஹோஸ் இருந்தால் அதிர்ஷ்டம், குழாயை வெட்டவே தேவையில்லை, அந்த ஹோஸை மாற்றினால் போதும். ரேடியேட்டரில் யூனியன் நட் இருந்தால் இரண்டு ஸ்பானர் பிடியுங்கள், ஒன்று உள் நட்டை அசையாமல் தாங்க, மற்றது திருக. ஒன்றால் மட்டும் திருகினால் உள்ளே இருக்கிற கூலர் முறுகி வெடிக்கும்.

ஹோஸ் விஷயத்தில் உங்களிடம் கெஞ்சிக் கேட்கிறேன், ஓட்டோ கியர் ஒயிலுக்கென்று செய்த ஹோஸ் வாங்குங்கள். சாதாரண டீசல் ஹோஸும் பார்க்க ஒரே மாதிரித்தான் இருக்கும், கறுப்பு, உள்ளே நூல் பின்னல், கடைக்காரர் "இதுவும் ஒயில் தாங்கும்" என்பார். ஒயில் தாங்கும், சூடுதான் தாங்காது. ஒரு வருடத்தில் விறகு மாதிரி இறுகி, கிளிப் அடியில் மயிரளவு வெடிக்கும். தண்ணீர் ஹோஸ் என்றால் இன்னும் மோசம், ஒயில் பட்டுக் களி மாதிரி ஊதிப்போகும். ஹோஸ் கழன்றால் என்ன நடக்கும் தெரியுமா? இரவில், புல்மோட்டை ரோட்டில், மினிட்டுக்கு இரண்டு மூன்று லீட்டர் வெளியே கொட்டும், உங்களுக்குத் தெரிகிற முதல் அறிகுறி கியர் வழுக்குவதுதான், அந்த நேரத்தில் கியர் பொக்ஸ் வறண்டுவிட்டது. எக்ஸோஸ்ட் மேல் கொட்டினால் நெருப்பு.

உள் விட்டம் குழாய்க்கும் நிப்பிளுக்கும் சரியாக இருக்க வேண்டும், அநேகமாக 8 அல்லது 10 மில்லிமீற்றர் வரும், அளந்து வாங்குங்கள், பெரிய ஹோஸைக் கிளிப்பால் நெரித்துச் சரிக்கட்ட வேண்டாம். முனையில் கொஞ்சம் ஏ.டி.எஃப். பூசி ஒரு அங்குலமாவது உள்ளே தள்ளி, உப்பலுக்கு அந்தப் பக்கம் கிளிப் போடுங்கள், உப்பலின் மேல் போட்டால் பிடிக்காது. கிளிப் வாங்கும்போது ஒரு காந்தத்தைப் பையில் போட்டுக்கொண்டு போங்கள். பல கிளிப்புகளில் பட்டி மட்டும் ஸ்டெயின்லஸ், திருகாணி சாதாரண இரும்பு, காந்தம் திருகாணியில் பலமாக ஒட்டிக்கொள்ளும். எங்கள் கடற்காற்றில் அந்தத் திருகாணி ஆறு மாதத்தில் மண்ணாகும். முழுக்க ஸ்டெயின்லஸ் கிளிப்பாகப் பார்த்து எடுங்கள். ஹோஸ் தகட்டுத் துவாரத்துக்கு ஊடாகப் போகிற இடமெல்லாம் இறப்பர் வளையம் போடுங்கள், பேனுக்கும் பெல்ட்டுக்கும் எக்ஸோஸ்டுக்கும் கிட்டப் போகவிட வேண்டாம், மடிந்து நெரிகிற மாதிரி வளைக்கவும் வேண்டாம்.

பூட்டி முடிந்தது, ஒயில். உங்கள் ஒயில் ஏற்கெனவே சூடு கண்டது என்பதால் புது ஒயிலோடு தொடங்குங்கள். கீழ் நட்டைக் கழற்றினால் மொத்த ஒயிலில் பாதிக்கும் குறைவாகத்தான் இறங்கும், மீதி கன்வேர்ட்டருக்குள் நிற்கும், ஆகவே ஊற்றி, சில நாள் ஓட்டி, இன்னும் ஒருதரம் இரண்டுதரம் மாற்ற வேண்டும். எந்த ஒயில் என்பதைப் புத்தகத்தில் பாருங்கள், டிப் ஸ்டிக்கிலேயே எழுதியிருக்கும் வாகனங்களும் உண்டு. டொயோட்டாவிலேயே டி-4 ஒயில் கேட்கிற கியர் பொக்ஸுக்கு டபிள்யூ.எஸ். ஒயில் ஊற்றக்கூடாது, இரண்டும் சிவப்புத்தான், ஆனால் தடிப்பு வேறு.

புதுக் கூலரும் ஹோஸும் சேர்ந்து அரை லீட்டர் பக்கம் குடிக்கும். அதை ஊற்றி, எஞ்சினை ஓடவிட்டு, பிரேக்கை மிதித்துக்கொண்டு பியிலிருந்து எல் வரை ஒவ்வொரு கியராக நிறுத்தி நிறுத்திப் போய்த் திரும்பி வந்து, எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும்போதே டிப் ஸ்டிக் பாருங்கள். பிறகு பதினைந்து இருபது கிலோமீற்றர் ஓடி, உங்களுக்கு நிலாவெளியிலிருந்து டவுனுக்கு வந்தாலே அந்தத் தூரம் ஆகிவிடும், சூடாக இருக்கும்போது திரும்பப் பாருங்கள், இந்தத் தடவை ஹொட் கோட்டுக்கு வர வேண்டும். கூட ஊற்றினாலும் கெடுதி, சுற்றுகிற பாகங்கள் ஒயிலை நுரையாக்கும், நுரை சூட்டையும் இழுக்காது, அமுக்கமும் தராது. டிப் ஸ்டிக் இல்லாத கியர் பொக்ஸ் என்றால் ஓவர்புளோ நட் வழியாக, குறித்த சூட்டில்தான் அளவு பார்க்க வேண்டும், அதற்கு ஸ்கேனர் உள்ள கராஜுக்குப் போங்கள்.

ஸ்கேனர் என்றதும் ஞாபகம், வாகனத்தின் சோதனை சொக்கெட்டில் செருகுகிற ஓ.பி.டி. புளூடூத் கட்டை ஒன்று வாங்கிப் போனில் பார்த்தால் பல டொயோட்டாக்களில் ஏ.டி.எஃப். சூடு இலக்கமாகவே தெரியும். கூலர் பூட்டுமுன் ஒருதரம், பூட்டியபின் ஒருதரம், அதே போட், அதே ரோட்டில் பார்த்துக் குறித்து வையுங்கள். போட்டோடு ரோட்டில் போகும்போது ஓவர்டிரைவை, அதாவது கடைசி மேல் கியரை, அணைத்து ஓட்டுங்கள், மேல் கியருக்குப் போவதும் இறங்குவதுமாகத் தடுமாறுவது நிற்கும். ரம்பொடை மாதிரி ஏற்றத்தில் லீவரை 2இல் போட்டுவிட்டால் இன்னும் நல்லது. மணலில் புதைந்தால் மிதித்து மிதித்து எடுக்கப் பார்க்காமல் டயர் காற்றைக் குறைத்து, பலகை போட்டு எடுங்கள், இல்லாவிட்டால் பக்கத்தில் நிற்கிற டிராக்டரைக் கூப்பிடுங்கள்.

போட் இறக்கி ஏற்றிய நாளெல்லாம் வீட்டுக்கு வந்து கூலர் முகத்துக்கு நல்ல தண்ணீர் அடியுங்கள், உவர்க் கிணற்றுத் தண்ணீர் வேண்டாம், குழாய்த் தண்ணீர், மெல்லிய அமுக்கத்தில். சேர்விஸ் ஸ்டேஷன் பிரஷர் கன்னைக் கிட்டப் பிடித்தால் சிறகு எல்லாம் படுத்துவிடும். முதல் கிழமை முடிய ஒருதரம் கிளிப்புகளை இறுக்கிப் பாருங்கள், புது இறப்பர் கொஞ்சம் அமர்ந்திருக்கும்.

இதை வாசித்துவிட்டு எல்லோரும் கூலர் வாங்க ஓட வேண்டாம் என்பதற்காக ஒரு வார்த்தை. அக்வா, பிரியஸ் வைத்திருப்பவர்களுக்கு இது தேவையில்லை, அவற்றில் டொர்க் கன்வேர்ட்டரே கிடையாது. 2021க்கு முந்திய பழைய வெசல் ஹைபிரிட்டில் இருப்பது உலர் இரட்டைக் கிளட்ச், ஊர்ந்து போகும்போது சூடாவது அந்தக் கிளட்ச்தான், ஒயில் கூலர் அதற்கு ஒன்றும் செய்யாது. ஆல்டோ ஏ.ஜி.எஸ். உண்மையில் மேனுவல் கியர் பொக்ஸ், கிளட்சை மிஷின் மிதிக்கிறது, அவ்வளவுதான். பல் கியருக்குப் பதில் பெல்ட்டில் ஓடுகிற சி.வி.டி. வாகனங்களுக்குப் பூட்டலாம், ஆனால் பலவற்றில் கியர் பொக்ஸ் பக்கத்திலேயே தண்ணீரால் ஒயிலைச் சூடாக்கி ஆறவைக்கிற பெட்டி இருக்கும், அதைக் கழற்றி எறிய விட வேண்டாம், ஒயிலும் அந்தந்தக் கம்பெனி சொன்ன சி.வி.டி. ஒயில் மட்டும்.

தம்பி, நாளைக்குக் காலையில் எஞ்சின் ஸ்டார்ட் பண்ணுமுன் ரேடியேட்டர் மூடியைத் திறந்து உள்ளே ஒரு படமும், டிஷ்யூவில் விட்ட ஒயில் துளியின் படமும் எடுத்து அனுப்புங்கள். ரேடியேட்டரை வைத்துக்கொண்டு பூட்டுவதா, விலக்கிவிட்டுப் பூட்டுவதா என்பதை அந்த இரண்டையும் பார்த்துத்தான் சொல்ல முடியும். அதுவரை போட்டை ட்ரெயிலரில் கட்ட வேண்டாம்.